அமால், மிக்கார்ப் பிரித்துக் கட்டும்போது சரியான பாகம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புல்லட், ட்ரயம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றுவது சுலபம், கழுவுவது அதைவிடச் சுலபம், ஆனால் கடைக்குப் போய் எந்தப் பாகத்தைக் கேட்பது? இங்கே தவறினால் பணம் போவது மட்டுமில்லை, நன்றாக இருந்த வண்டி கட்டி முடித்த பிறகு மோசமாக ஓடும். பெரும்பாலும் அமால் கார்புரேட்டரை வைத்துத்தான் எழுதுகிறேன், நான் அதிகம் கையில் எடுத்தது அதுதான். நம் ஊர் புல்லட்டுக்காக மிக்கார்ப் கார்புரேட்டர் பற்றியும் கொஞ்சம் இருக்கிறது.

வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் கடையில் பாகம் தர மாட்டார்களா?

தருவார்கள். அது உங்கள் வண்டியில் இப்போது இருக்கிற கார்புரேட்டருக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டியில் முதலில் வந்த கார்புரேட்டரே இருந்தால் அது அதிர்ஷ்டம். 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் கட்டப்பட்ட புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் அமாலின் மோனோபிளாக் வகை (ஃப்ளோட் சேம்பர், அதாவது பெட்ரோல் தேங்கும் கிண்ணம், பாடியோடு ஒன்றாகவே இருப்பது) இருந்தது, பின்னாளில் மிக்கார்ப் வி.எம்.24 வந்தது. மைலேஜுக்காகவோ, பாகம் கிடைக்கவில்லை என்றோ, மெக்கானிக் கையில் அன்றைக்கு எது இருந்ததோ அதை மாட்டிய கதைகளும் ஏராளம்.

எங்கள் வீட்டு புல்லட்டுக்கு முதல்முறை நான் வாங்கிய நீடில் ஜெட் (ஊசி ஏறி இறங்கும் துளையுள்ள சின்னப் பித்தளைப் பாகம்) உள்ளேயே போகவில்லை. வருடத்தைச் சொல்லி வாங்கினேன், கடைக்காரரும் அந்த வருடத்துக்கு உரியதைத்தான் கொடுத்தார். வண்டியில் இருந்த கார்புரேட்டர்தான் வேறு எங்கிருந்தோ வந்தது. அன்றிலிருந்து ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நான் பாகம் வாங்குவதில்லை. கார்புரேட்டரைத் துடைத்து, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

அமாலில் எண் எங்கே இருக்கும், எப்படிப் படிப்பது?

பாடியின் பக்கவாட்டில் குத்தியிருக்கும். அழுக்கும் பழைய பெயின்டும் அப்பியிருந்தால் தெரியாது. மண்ணெண்ணெயில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நேராக வெளிச்சம் அடித்தால் தேய்ந்த எண் கண்ணில் படாது.

மோனோபிளாக் என்றால் 375, 376, 389 இந்த மூன்றில் ஒன்று இருக்கும், அதற்குப் பிறகு ஒரு சாய்கோடும் இன்னொரு எண்ணும் வரும். முன்னால் இருப்பது கார்புரேட்டரின் அளவு வகை. 375 சின்னது, காற்று போகும் துளை 7/8 அங்குலம் வரை. 376 நடுத்தரம், 15/16, 1, 1 1/16 அங்குலம். 389 பெரியது, 1 1/8 அங்குலத்தில் தொடங்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம், அதுதான் எந்த வண்டிக்காக எந்த ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள பித்தளைப் பாகம்), எந்த ஸ்லைடு (த்ராட்டிலைத் திருப்பினால் ஏறி இறங்கும் உருளை) போட்டு அனுப்பினார்கள் என்பதைச் சொல்கிறது. அமாலின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் ஜெட், ஸ்லைடு, அதில் தொங்கும் ஊசியின் கிளிப் எந்த வெட்டில் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

1967-இல் வந்த கான்சென்ட்ரிக் என்ற அடுத்த அமால் வகையில் முறை கொஞ்சம் மாறியது. உதாரணத்துக்கு ஆர்930 என்று இருந்தால், ஆர் என்பது வலப்பக்க வகை, 9 என்பது 900 வரிசை, 30 என்பது துளை 30 மி.மீ. இடப்பக்கம் என்றால் எல் என்ற எழுத்து. 600 வரிசையில் 22 முதல் 27 மி.மீ. வரை, 900 வரிசையில் 28, 30, 32 மி.மீ., 1000 வரிசையில் 34, 36 மி.மீ. நார்ட்டன் கமாண்டோ 850-இல் இருப்பது 932. இரட்டைக் கார்புரேட்டர் வண்டிக்கு வாங்கும்போது எல், ஆர் இரண்டையும் பாருங்கள். இரண்டுமே ஆர் வாங்கிக்கொண்டு வந்து, திருகைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் நுழையாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணைப் படித்த பிறகும் துளையை வெர்னியரில் அளந்து பாருங்கள். யாராவது கடைந்து பெரிதாக்கியிருந்தால் அந்தப் பட்டியல் அப்படியே உதவாது.

ஃப்ளோட் சேம்பர் தனியாகத் தொங்குகிறது. இது மோனோபிளாக்கா?

இல்லை, அதற்கு முந்தைய வகை. அமால் என்ற பெயரே 1927-இல் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்தது. அப்போதிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை ஃப்ளோட் சேம்பர் தனி, கலக்கும் பாகம் தனி. 276, 289 மாதிரி எண்கள் இருக்கும். ஃப்ளோட் சேம்பருக்கும் தனியாக ஓர் எண் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெட்ரோல் மட்டத்தை முடிவு செய்வது அதுதான். மோனோபிளாக் பாகங்கள் இதில் பெரும்பாலும் பொருந்தாது.

என் கார்புரேட்டர் 932. கடையில் கொடுத்த மெயின் ஜெட் பாக்கெட்டில் 376/100 என்று போட்டிருக்கிறது. தவறாகக் கொடுத்துவிட்டார்களா?

சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். மோனோபிளாக்குக்கு வந்த அதே மெயின் ஜெட் கான்சென்ட்ரிக்கிலும் போகும். அதேபோல 900 வரிசைக் கான்சென்ட்ரிக்கின் நீடில் ஜெட் 622/122 என்ற எண்ணில்தான் வரும். அதனால் பாக எண்ணின் முன்பகுதி உங்கள் கார்புரேட்டரோடு பொருந்தவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், பட்டியலில் முழு எண்ணையும் பாருங்கள்.

பழைய ஜெட்டில் எண் 200 என்று இருக்கிறது. வேறு கம்பெனி 200 போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமால் ஜெட்டின் எண் ஒரு நிமிடத்தில் எத்தனை சி.சி. எரிபொருள் போகும் என்பதைக் குறிக்கிறது. அது துளையின் விட்டம் இல்லை. டெல்ஓர்ட்டோ, கெய்ஹின் போன்றவற்றில் எண் துளையின் விட்டம்: 115 என்றால் 1.15 மி.மீ. ஜப்பானின் மிக்குனி கம்பெனியின் அறுகோண ஜெட் ஓட்டத்தை வைத்து எண்ணிடப்பட்டது, ஆனால் அந்த எண்ணும் அமால் எண்ணும் ஒன்றல்ல. ஆக ஒரே 100 மூன்று கம்பெனிகளில் மூன்று வேறு துளை. கம்பெனி பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி ஜெட் வாங்கக் கூடாது.

அப்புறம், ஜெட்டின் மேல் இருக்கும் எண்ணையும் முழுசாக நம்பாதீர்கள். அடைப்பெடுக்கிறேன் என்று குண்டூசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குடைந்திருந்தால் எண் 200 என்று சொல்லும், ஓட்டம் 220 இருக்கும். பூதக்கண்ணாடியில் துளையின் விளிம்பைப் பாருங்கள். கீறல் இருந்தாலோ, வட்டம் கோணியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒப்பிடலாம். ஒரு பெரிய ஊசிக்குழாயின் முனையில் ரப்பர் குழாய் வைத்து ஜெட்டைப் பொருத்தி, அளவு கோடு வரை மண்ணெண்ணெய் நிரப்பி, வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதே எண் உள்ள புது ஜெட்டையும் அப்படியே செய்து பாருங்கள். பழையது சீக்கிரம் வடிந்தால் துளை பெரிதாகிவிட்டது. (பெட்ரோலை வைத்துச் செய்யாதீர்கள், மண்ணெண்ணெய் போதும்.)

நீடில் கேட்டால் கடையில் வேறு எதையோ கொடுக்கிறார்களே?

நம் பட்டறைகளில் இரண்டு பாகங்களுக்கு நீடில் என்றே பெயர். ஒன்று ஸ்லைடில் கிளிப் போட்டுத் தொங்கும் நீளமான ஊசி. இன்னொன்று ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் குட்டை ஊசி. ஸ்லைடு நீடில், ஃப்ளோட் நீடில் என்று பிரித்துச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.

மோனோபிளாக்கில் ஸ்லைடு நீடிலுக்கு எழுத்து உண்டு: 375-க்கு பி, 376-க்கு சி, 389-க்கு டி. கான்சென்ட்ரிக்கில் மேல்பக்கம் சின்ன வளையக் கோடுகள் வெட்டியிருப்பார்கள், அதை எண்ணிப் பார்த்துத்தான் வகை தெரியும். கான்சென்ட்ரிக் டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் தனித்தனியாக வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி, உள்ளே நீடிலும் நீடில் ஜெட்டும் வேறு. கலந்துபோட்டால் வண்டி ஓடத்தான் ஓடும், ஆனால் எந்தத் திருகைத் திருப்பினாலும் சீராகாது.

மைலேஜ் குறைந்துகொண்டே போகிறது, புகை கறுப்பாக வருகிறது. மெயின் ஜெட்டைச் சின்னதாக்கலாமா?

முதலில் நீடில் ஜெட்டைப் பாருங்கள். எண்ணிக்கையில் இதுதான் முதல் குற்றவாளி. நீடில் அதற்குள் ஆயிரக்கணக்கான மணி நேரம் அதிர்ந்து உரசுகிறது. பித்தளைத் துளை மெல்ல மெல்லக் கோணி முட்டை வடிவம் ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அமால் நீடில் ஜெட்டின் எண் 105, 106, 107 என்று வரும், இது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 106 என்றால் 2.69 மி.மீ., 107 என்றால் 2.72 மி.மீ. வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை, ஆனால் வண்டியின் ஓட்டத்தில் நன்றாகவே தெரியும்.

சோதிக்க வேண்டுமானால் ஒரு நல்ல டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக 2.70 மி.மீ. இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 106 ஜெட்டுக்குள் அது நுழையக் கூடாது. நுழைந்தால் ஜெட் தேய்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், கார்புரேட்டரை முழுசாகப் பிரித்தாகிவிட்டது என்றால் நான் அளக்காமலேயே நீடில் ஜெட்டையும் ஸ்லைடு நீடிலையும் ஜோடியாக மாற்றிவிடுவேன். விலையோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலன் தரும் பாகம் வேறு இல்லை.

ஓட்டிப் பார்த்தே எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். த்ராட்டிலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, எட்டில் ஒரு பங்கு, கால், முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை திறக்கும்போது வேலை செய்வது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு). அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். ஊருக்குள் ஓட்டும்போது நாம் மெயின் ஜெட்டைத் தொடுவதே அபூர்வம். ஆனாலும் மைலேஜ் என்றதும் எல்லோர் கையும் மெயின் ஜெட்டுக்குத்தான் போகிறது. அதைச் சின்னதாக்கிவிட்டு நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போனால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும், கவனம்.

ஸ்லைடில் 3, 3½ என்று குத்தியிருக்கிறதே?

அது காற்று வரும் பக்கத்தில் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவின் உயரம், அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கில். 3 என்றால் 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. எண் கூடினால் கலவை மெலியும் (பெட்ரோல் குறையும்), குறைந்தால் கனக்கும் (பெட்ரோல் கூடும்). மிக்குனி வகையில் இதே எண் மி.மீ. கணக்கு: 2.5 என்றால் 2.5 மி.மீ.தான். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

எண் சரியாக இருந்தாலும் வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். முன்பு யாரோ அரம் போட்டு ராவியிருந்தால் ஓரம் கூராகவும் கோணலாகவும் இருக்கும், எண்ணுக்கு அர்த்தமில்லை.

புது ஸ்லைடு போட்டும் ஐட்லிங் (த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் மெதுவாக ஓடுவது) சீராக நிலைக்கவில்லை. ஏன்?

பாடி தேய்ந்திருக்கும். அமால் பாடியும் பழைய ஸ்லைடும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் இரண்டுமே வேகமாகத் தேயும். புது ஸ்லைடைப் போட்டு மேலே கீழே ஆட்டாமல், முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். புது ஸ்லைடே லொடலொடவென்று ஆடினால் இனி எந்தப் பாகம் வாங்கினாலும் காசு வீண். அப்போது இரண்டு வழி. நல்ல லேத் பட்டறையில் பாடியைக் கடைந்து உள்ளே குழல் போட்டு, அதற்கேற்ற ஸ்லைடு போடலாம். கோயம்புத்தூர் பக்கம் இந்த மாதிரி நுணுக்க வேலைக்குக் கை தேர்ந்தவர்கள் உண்டு. இல்லையென்றால் புதுக் கார்புரேட்டர். அமால் பெயரில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருக்கும் பர்லன் நிறுவனம் இன்னும் புதிதாகவே செய்கிறது, அதில் ஸ்லைடு கடினப்படுத்திய அலுமினியத்திலும் கிடைக்கிறது.

எஞ்சினோடு சேரும் தட்டையான முகத்தையும் சோதியுங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அது வில்லாக வளைந்திருக்கும், மோசமானால் ஸ்லைடே உள்ளே சிக்கும். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரி தாளை வைத்து, எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்தால் சமமாகிவிடும். அந்த முகத்தில் ஓ-ரிங் போகும் பள்ளம் இருந்தால் அதன் ஆழம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம். பெட்ரோலில் அது உப்பிப் பிய்ந்து ஜெட்டுக்குள் போகும்.

கான்சென்ட்ரிக்கில் பைலட் ஜெட்டையே காணோம்.

காணாமல் போகவில்லை. ஆரம்ப கால கான்சென்ட்ரிக்கில் கழற்றக்கூடிய பைலட் ஜெட் இருந்தது, பிறகு பாடிக்குள்ளேயே ஒரு சின்னப் புஷ்ஷை நிரந்தரமாக அடித்துவிட்டார்கள். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் துளை வழியே உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அதன் துளை 0.016 அங்குலம், சுமார் 0.4 மி.மீ. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க 78-ஆம் எண் டிரில் பிட்டை ஒரு நீண்ட குச்சியின் நுனியில் ஒட்டி, விரலால் மட்டும் மெல்லச் சுழற்றுவார்கள். அது அடைப்பைத் தள்ளத்தானே தவிரத் துளை போட இல்லை. ஆறு மாதம் பெட்ரோலோடு நின்ற வண்டியில் ஐட்லிங் வராததற்குக் காரணம் பத்தில் எட்டு தடவை எனக்கு இங்கேதான் கிடைத்திருக்கிறது. அப்போது மாற்ற எந்தப் பாகமும் இல்லை, சுத்தம் செய்தால் போதும்.

மோனோபிளாக்கில் பைலட் ஜெட் ஒரு மூடி நட்டுக்குள் இருக்கிறது, கழற்றலாம், மாற்றலாம். அதன் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஃப்ளோட் (மிதவை), ஃப்ளோட் நீடில் எது வாங்குவது? இப்போதைய பெட்ரோலுக்குப் பழையது தாங்குமா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிலைமை மாறிவிட்டது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டரில் இருந்த சாதாரண ரப்பரும் கார்க்கும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் உப்பும் அல்லது இறுகி வெடிக்கும். அதனால் ஓ-ரிங், ஃப்ளோட் நீடிலின் முனை இவற்றை வாங்கும்போது வைட்டான் (எத்தனால் தாங்கும் ரப்பர் வகை) தானா என்று கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு எல்லாம் கறுப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும், நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நம்பிக்கையான இடத்திலிருந்து வாங்குவது ஒன்றே வழி. சந்தேகம் இருந்தால் ஒரு ஓ-ரிங்கை இரண்டு நாள் பெட்ரோலில் ஊறவைத்து வெர்னியரில் அளந்து பாருங்கள்.

அமாலுக்கு எத்தனால் தாங்கும் புது ஃப்ளோட்டும் வருகிறது, கையை வளைத்துப் பெட்ரோல் மட்டத்தைச் சரிசெய்யலாம். பழைய கான்சென்ட்ரிக் பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் அந்த வசதி இல்லை. கிண்ணத்தை மெல்லச் சூடாக்கி ஃப்ளோட் நீடில் உட்காரும் பித்தளைக் குழலை மேலோ கீழோ நகர்த்தித்தான் மட்டம் வைக்க வேண்டும். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளதளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை. சூடான தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயம் அதிகமானால் ஃப்ளோட்டின் எடை கூடி மட்டம் உயர்ந்துவிடும்.

இன்னொன்று. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்றால் 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. ஆகவே 1960-களின் பட்டியலில் இருக்கும் ஜெட் எண்ணை அப்படியே போட்டாலும் கலவை கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். முதலில் பட்டியல் எண்ணோடு ஓட்டிப் பாருங்கள், ப்ளக் வெளுத்திருந்தால் ஒரு படி பெரிய ஜெட். இதையும் சேர்த்தே வாங்கிவைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை.

திருகு தொலைந்துவிட்டது. பக்கத்து ஹார்டுவேர் கடைத் திருகு போதாதா?

மரையைப் பார்க்காமல் போடாதீர்கள். பழைய ஆங்கிலேய வண்டிகளில் பி.ஏ., விட்வொர்த் மரைகள் வரும், மெட்ரிக் இல்லை. 2 பி.ஏ. திருகு 4.7 மி.மீ. விட்டம், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.81 மி.மீ. நம் 5 மி.மீ. மெட்ரிக் திருகு 0.8 மி.மீ. இடைவெளி. கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், நாலு சுற்று போகும், பிறகு இறுகும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துத்தநாகப் பாடியில் இருந்த மரை மாவாக உதிரும். விரலாலேயே கடைசி வரை போக வேண்டும், போகாத திருகு அந்தத் துளைக்கு உரியது இல்லை.

கான்சென்ட்ரிக்கின் ஐட்லிங் திருகு, ஏர் ஸ்க்ரூ இரண்டிலும் ஓ-ரிங் உண்டு. ஓ-ரிங்குக்கான பள்ளமே இல்லாத மலிவுத் திருகுகள் சந்தையில் இருக்கின்றன. காற்று கசியும், அதிர்வில் தானாகத் திரும்பும்.

புல்லட்டின் மிக்கார்ப்புக்கு எப்படிப் பார்ப்பது?

இது மிக்குனி வி.எம். வடிவம், அதனால் மிக்குனியின் மொழியில் படிக்க வேண்டும். வி.எம்.24 என்றால் துளை 24 மி.மீ., 500 சி.சி. புல்லட்டில் வந்தது வி.எம்.28. இரண்டின் பாகங்களும் ஒரே கடையில் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், கவனமாகப் பொறுக்குங்கள்.

நீடில் ஜெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஓ-0 என்றால் 2.600 மி.மீ., பி-0 (P) என்றால் 2.650 மி.மீ. எழுத்து ஒன்று ஏறினால் 0.05 மி.மீ. கூடும், எண் ஒன்று ஏறினால் 0.005 மி.மீ. கூடும். ஆக ஓ-8 என்பது 2.640, பி-4 என்பது 2.670. ஓ எழுத்தைப் பூஜ்ஜியம் என்று படித்துவிடாதீர்கள், தேய்ந்த ஜெட்டில் அது நடக்கும். ஸ்லைடு நீடிலில் முதலில் வரும் எண் நீளத்தின் வரிசை, 5 என்றால் 50 முதல் 60 மி.மீ.க்குள். அடுத்து வரும் எழுத்துகள் ஊசி எவ்வளவு கூராகிறது என்பதைச் சொல்கின்றன. இரண்டு எழுத்து இருந்தால் மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று. எழுத்துக்கு எழுத்து பாகையில் கால் பங்கு கூடும். அதனால் கிளிப் வெட்டும் நீளமும் ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு எழுத்து நீடிலைப் போட்டால் பாதி த்ராட்டிலில் வண்டி இழுக்காது.

ரிப்பேர் கிட் வாங்கினால் எல்லாம் வந்துவிடுமே?

வாஷர், கேஸ்கட், ஓ-ரிங்குக்கு கிட் நல்லது. அதில் வரும் ஜெட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஒரே கிட்டைப் பல வண்டிகளுக்கு விற்கிறார்கள், அதனால் சில பாகங்கள் உங்களுக்கு மிஞ்சும், சில பொருந்தாது. மிஞ்சியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய வாஷரோடு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் பாருங்கள். ஃப்ளோட் நீடில் உட்காரும் குழலின் அடியில் போகும் வாஷரின் கனம் மாறினால் பெட்ரோல் மட்டமும் மாறும், இதை யாரும் யோசிப்பதில்லை.

புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் பாகம் வாங்கலாமா, புது டூப்ளிகேட் வாங்கலாமா?

பாகத்தைப் பொறுத்தது. பாடி, மூடி, டிக்ளர் (ஃப்ளோட்டை அமுக்கும் பொத்தான்), கேபிள் மேல்மூடி மாதிரி உரசாத பாகங்கள் என்றால் பழைய ஒரிஜினல். புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் இன்னும் கிடைக்கும், டில்லியில் கரோல் பாக் பக்கமும் உண்டு. ஜெட், நீடில், ஸ்லைடு, ஃப்ளோட் நீடில் என்றால் புதுசு மட்டும், அதுவும் எண் தெளிவாகக் குத்தியது. எண்ணே இல்லாத ஜெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. பாக்கெட் அச்சு நன்றாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். ஜெட்டின் துளை நடுவில் இருக்கிறதா, வெட்டிய இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாகங்களைச் சோதிக்கும் முன் கழுவ வேண்டுமே, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளை ஜெட் ஹோல்டரின் வெளிப்புறத்துக்குச் சரி, வீட்டுக் குத்துவிளக்குக்குப் போலவே பளபளக்கும். துத்தநாகப் பாடிக்குக் கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம், துத்தநாகத்தைக் கரைத்துவிடும். பாடி கறுத்து, சொரசொரப்பாகி, துளைகளின் அளவே மாறும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். பாடிக்கு மண்ணெண்ணெய், பிரஷ், பிறகு காற்று. முடித்த பிறகு ஒவ்வொரு வழியிலும் காற்று விட்டு மறுமுனையில் விரலை வைத்து உணர்ந்து பாருங்கள். கண்ணில் காற்றோ துளியோ படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மோரிஸ் மைனர் காரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருக்கிறது. அதற்கும் இதே முறையா?

யோசனை அதேதான், அடையாளங்கள் வேறு. ஃப்ளோட் சேம்பர் மூடித் திருகில் மாட்டிய சின்ன அலுமினியத் தகட்டில் எண் இருக்கும், பழைய உரிமையாளர் யாராவது கழற்றி எறிந்திருக்காவிட்டால். எச்.எஸ்.2 என்பதில் 2 என்றால் ஓர் அங்குலத்தோடு எட்டில் இரண்டு பங்கு, அதாவது 1 1/4 அங்குலத் துளை. நீடிலின் தடித்த பகுதியில் எழுத்து குத்தியிருக்கும். பிஸ்டன் ஸ்பிரிங்கின் நிறம் அதன் பலத்தைச் சொல்கிறது: நீலம் 2.5 அவுன்ஸ், சிவப்பு 4.5, மஞ்சள் 8, பச்சை 12. பெயின்ட் உதிர்ந்திருந்தால் பழையதைப் பார்த்து ஊகிக்காமல் பட்டியல்படி புதுசே வாங்குங்கள். த்ராட்டில் தண்டு ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள், எஸ்.யூ.வில் பாதித் தொந்தரவு அங்கிருந்துதான் வருகிறது.

பிரிக்கும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்வது?

பாடி எண், துளை அளவு, மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் ஜெட், ஸ்லைடு எண், நீடில் அடையாளம், கிளிப் மேலிருந்து எத்தனாவது வெட்டு, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் மூடியது. கழற்றும் முன் ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பிச் சுற்றுகளை எண்ணினால் கடைசி விவரம் கிடைக்கும், அழுத்தி மூடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் போன் கேமராவில் படம். பட்டியலில் இருப்பதும் உங்கள் வண்டியில் இருந்ததும் வேறாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். வண்டி முன்பு நன்றாக ஓடியிருந்தால், யாரோ ஒரு நல்ல மெக்கானிக் தெரிந்தே மாற்றியிருக்கலாம்.

மாற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடலாமா?

குறைந்தது ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வரை வேண்டாம். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தேதியும் பாடி எண்ணும் எழுதி வையுங்கள். புது நீடில் ஜெட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றும் அன்றைக்கு, பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க அந்தப் பழைய ஜெட் மட்டும்தான் கையில் இருக்கும்.